‘உம்மா’ ஏற்கெனவே இருக்கிறது

கம்ப்யூட்டரின் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியதும், அது பழுதாகப் போகிறது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் மௌத்தாகி, அவளில்லாமல் இரண்டாவது நோன்பும் வந்து போய்விட்டது. அவளுடைய குரல் இருந்தது அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான்.

கல்முனைக்கு பஸ் ஏறிப் போய்ப் புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். வைரஸ் புகுந்து விண்டோஸ் படுத்துக்கொண்ட நாளில், அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டவள் மகள்தான். அவளுடைய வாப்பா எனக்கு இங்கிலீஷ் ஓடாது என்று எல்லாவற்றையும் தமிழில் மாற்றியும் வைத்தாள். அந்தத் தமிழ் இங்கிலீஷை விட மோசம் என்று நான் சண்டை பிடிப்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

காணி உறுதியின் ஸ்கேன் ஒரு மூலையில், கல்யாணப் படங்கள் இன்னொரு மூலையில் என்று பழைய டிஸ்க் குப்பையாய்க் கிடந்தது. இந்த முறையாவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்குவோம் என்று உட்கார்ந்தேன். மகளுடைய வீடியோக்கள் முதலில் போயின. பிறகு, என்னைப் பெற்றவரின் வீடியோக்களை அனுப்பினேன். திரை மறித்தது. ‘உம்மா’ என்று ஒரு போல்டர் ஏற்கெனவே இருக்கிறதாம், இரண்டையும் ஒன்றாக்கவா என்று கேட்டது.

சற்று முன் கரண்ட் போனபோது பாதியில் நின்ற காப்பியின் மிச்சம் என்று நினைத்தேன். அழுத்தப் போன கையைப் பக்கத்தில் இருந்த மனைவி பிடித்தாள்.

“இஞ்ச பாருங்க, அது ஆருட உம்மா?”

பெற்றவர் எனக்கு உம்மா. மகளையும் பிறந்ததிலிருந்து உம்மா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து வாப்பாமார் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான். இரண்டு போல்டருக்கும் அதே பெயர், உள்ளே வீடியோக்களுக்கும் ஒன்று, இரண்டு என்று நானே போட்ட அதே எண்கள். அழுத்திக்கொண்டே போயிருந்தால் மகளுக்கு மேல் என் தாய் பதிந்திருப்பார்.

“மகள்ட பேர வைங்களன்” என்றாள் மனைவி.

நான் அந்தப் பெயரைக் கடைசியாகச் சொன்னது, அவளுடைய ஜனாஸா நல்லடக்க அறிவித்தலுக்காகப் பள்ளிவாசலில். திரும்ப அதை எழுத்தெழுத்தாக அடிக்க என்னால் ஏலவில்லை. அழுதுவிட்டேன். மனைவி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, என் தாயின் போல்டருக்கு ‘வாப்பும்மா’ என்று பெயர் மாற்றினாள். மகள் அவரைக் கூப்பிட்டது அப்படி.

எல்லாம் போய் முடிந்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று மகளின் முதல் வீடியோவைத் திறந்தேன். போனைப் பிடித்திருந்தவள் அவள், அதனால் தெரிவது நான்தான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் சைக்கிள் துடைக்கிறேன்.

“வாப்பா, இங்கால பார்த்துச் சிரிங்களன்” என்கிறது அவள் குரல்.

திரையில் இருப்பவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சும்மா இரி உம்மா” என்கிறான்.

வீடியோ அதோடு முடிகிறது.