ஆலைக்காரருக்கு இன்றைக்குச் சாவு இல்லை

ஆலைக்காரர் வருடத்துக்கு ஒரு முறைதான் சாவார். அறுவடை வாரத்தில், கூட்டம் நிரம்பி வழிகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், மாவு நிறுக்கும் தராசுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, தொப்பி ஒரு பக்கம் பறக்க மூட்டைகளின் மேல் சரிந்து தரைக்கு உருளுவார். அவர் சாகிற அழகைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். எடையில் ஏமாற்றிய பாவி ஒழிந்தான் என்று கூட்டம் கைதட்டும். பிறகு செத்தவர் எழுந்து கும்பிட்டுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் மாவு கட்டிக் கொடுப்பார். முதல் வருடம் அதைப் பார்த்த அவர் மனைவி, "வீட்ல ஒரு வேலைக்கு எந்திரிக்க மாட்டாரு. இங்க செத்ததுக்கப்புறம் எப்படி எந்திரிக்கிறாரு பாருங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள்.

இதெல்லாம் நடப்பது நகரத்துக்கு வெளியே, பழைய காலத்தை அப்படியே வாழ்ந்து காட்டுவதற்கென்று உண்டாக்கிய ஒரு கிராமத்தில். இடிக்கவிருந்த பழைய வீடுகளையும் பட்டறைகளையும் எங்கெங்கிருந்தோ கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். சீட்டு வாங்கி வாசலைத் தாண்டினால் நூற்றைம்பது வருடம் பின்னால் போய்விடலாம். கொல்லர் உண்மையாகவே இரும்பை அடிப்பார். ரொட்டிக்காரம்மா உண்மையாகவே அடுப்பை மூட்டுவார். ஆலைக்காரரும் தண்ணீரில் ஓடும் சக்கரத்தை வைத்து உண்மையாகவே மாவரைப்பார்.

அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கறாரான விதி ஒன்று உண்டு. வேடம் போட்டு உள்ளே வந்துவிட்டால் அந்தக் காலத்தை விட்டு வெளியே வரக் கூடாது. தலையே போனாலும் வரக் கூடாது என்பார் மேலாளர், எவ்வளவு பொல்லாத வார்த்தையைச் சொல்கிறோம் என்று தெரியாமல். யாராவது செல்போனை நீட்டினால், "இதென்ன கருப்பா ஒரு பலகை, எழுதறதுக்கா?" என்று கேட்க வேண்டும். வேலையாட்களின் போன்கள் எல்லாம் வாசலில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்.

ஆலைக்காரர் பிறவி ஆலைக்காரர் இல்லை. ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் கணக்கெடுத்தவர். அந்த வேலையில் நிச்சயமாகக் கிடைப்பது நாய்க்கடியும் திட்டும்தான். மீட்டரை இவர்தான் வந்து ஓட்டிவிட்டுப் போனார் என்பது போல ஜனங்கள் பேசுவார்கள். மதியம் போனால் தூங்குகிற நேரம், காலையில் போனால் அவசர நேரம், சாயங்காலம் போனால் "இந்நேரத்துக்கா வருவாங்க?" வாங்கிக் கட்டிக்கொள்வதையே தொழிலாக வைத்திருந்த மனிதர் என்று சொன்னால் தப்பில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை, வீட்டில் எரிகிற விளக்கையெல்லாம் தேடித் தேடி அணைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இருட்டுக் குளியலறையில் மனைவி வழுக்கி விழப் பார்த்தாள். "ஒண்ணு இந்த வீட்ல நீங்க இருங்க, இல்ல நான் இருக்கேன்" என்று சொல்லி, கிராமத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். தொப்பையும் மீசையும் இருந்ததால் ஆலை அவருக்குக் கிடைத்தது.

மனிதர் அதன் பிறகு ஆளே மாறிப்போனார். தன்னைக் கண்டால் கதவைச் சாத்திய அதே ஜனங்கள் இப்போது காசு கொடுத்துத் தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. விதைப்பு நாளில் மாடு பூட்டி உழுவார்கள், கோடையில் ஆட்டுக்குக் கம்பளி கத்தரிப்பார்கள், குளிர்காலத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே ஊர் முழுக்க வேலை நடக்கும். எந்த நாளானாலும் ஆலைக்கு முன்னால் ஒரு கும்பல் நிற்கும். ராத்திரி படுக்கும்போது, "இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு வாழ்வு" என்று மனைவியிடம் சொல்வார். "சரி, காதுல இருக்கிற மாவைத் துடைச்சிட்டுப் படுங்க" என்பாள் அவள்.

அந்த வாழ்விலும் ஒரு முள் இருந்தது, விடாமல் பார்க்க வருகிற ஓர் அம்மாள். அந்த அம்மாளுக்கு வேலையாட்கள் வைத்த பெயர் வருடச் சீட்டு. ஐம்பதைத் தாண்டிய வயது, இறுக்கிப் போட்ட கொண்டை, தோளில் துணிப்பை. வருடம் முழுவதும் செல்லுபடியாகிற சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பருவத்து நிகழ்ச்சியைக்கூட விடமாட்டார். அது மட்டும் என்றால் பரவாயில்லை, பார்த்ததையெல்லாம் நினைவிலும் வைத்திருப்பார். "போன தடவை இந்தச் சக்கரம் உங்க தாத்தா போட்டதுன்னீங்க. இப்போ மாமனார்ங்கறீங்க. யார்தான் போட்டது?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்பார். ரொட்டி அடுப்பை மூட்டக் கொஞ்சம் தாமதமானால் நேரே அலுவலகத்துக்குப் போய்விடுவார். தூரத்தில் அந்தக் கொண்டையைக் கண்டாலே ஆலைக்காரர் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஏதோ தேடுவது போலக் குனிந்துகொள்வார்.

இந்த அம்மாள் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல ஆலைக்காரர் இருந்திருக்க மாட்டார்.

அன்று விதைப்பு நாள். காலையிலிருந்தே அவருக்கு இடது தோள் வலித்தது. முந்தின நாள் மூட்டை தூக்கியதால் என்று நினைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மதியம் கூட்டம் சேர்ந்து, தராசை வைத்து அவர் வழக்கமான தில்லுமுல்லைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. தராசைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு வலிக்குதுங்க. யாராச்சும்..." என்றார்.

கூட்டம் சிரித்தது. அறுவடை வாரத்தில் அவர் சொல்லுகிற வார்த்தையும் இதேதான். வசனம் மாறவில்லை, குரல்கூடப் பெரிதாக மாறவில்லை. முகத்தில் ரத்தம் வற்றியதும் யார் கண்ணுக்கும் படவில்லை, மாவு அப்பிய முகம் எப்போதும் வெள்ளைதானே. மூட்டைகளின் மேல் சரிந்து தரைக்கு உருண்டார். தொப்பியும் தன்பாட்டுக்குப் பறந்தது.

பின்னால் நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். சத்தம் கேட்டு வைத்தியர் ஓடிவந்தார். இவர் அந்தக் கிராமத்து வைத்தியர், அதாவது வைத்தியர் வேடம் போடுகிற ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆலைக்காரரின் உயிர் நண்பர். விழுந்து கிடப்பவரைப் பார்த்ததும், கூட்டத்தைக் குஷிப்படுத்த நண்பர் புதிதாக ஏதோ ஆரம்பித்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நண்பரைக் கைவிடலாமா? பக்கத்தில் மண்டியிட்டு, நாடியைப் பார்ப்பது போல அவர் மீசையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கெட்ட ரத்தம் தலைக்கேறிப் போச்சு. கொண்டாங்க என் அட்டைப்பூச்சி ஜாடியை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஆலைக்காரருக்கு எல்லாம் கேட்டது. அதுதான் கொடுமை. நடிப்பு இல்லப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை. இத்தனை வருடம் ஆசை ஆசையாக வாங்கிய கைதட்டல் தலைக்கு மேலே மழையாகப் பொழிந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை. சரி, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தார். காலையில் அவசரத்தில் மனைவியிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்தது ஞாபகம் வந்தது.

அப்போது யாரோ ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"எந்திரிங்க முதல்ல" என்றது ஒரு குரல். "இன்னிக்கு விதைப்பு நாள். உங்களுக்கு இன்னிக்குச் சாவு கிடையாது."

வருடச் சீட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அந்தக் கை அப்படியே நின்றது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியில் வியர்வை பட்டு மாவு களியாகக் குழைந்திருந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து, "இவருக்கு நிஜமாவே முடியல. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். அவ்வளவுதான், படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தானே அழைத்தார். சிரிப்பு அப்போதுதான் அடங்கியது. வைத்தியருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, யாரோ கொண்டுவந்து கொடுத்த ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மோட்டார் வண்டி நுழையாத அந்த ஊருக்குள், காலையில்தான் விதைத்த வயலை மிதித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தது.

இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. எடுத்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது" என்று ஆலைக்காரரின் மனைவியிடம் டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் கிராமத்து வைத்தியர் பார்க்க வந்தார். கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதார்.

"உன் மீசையைப் பிடிச்சுப் பாத்தேனேப்பா."

"விடுப்பா. நீ நல்லாத்தான் நடிச்ச" என்றார் ஆலைக்காரர். அதற்குமேல் பேச டாக்டர் விடவில்லை.

கம்பளி கத்தரிக்கும் நாளுக்கு அவர் வேலைக்குத் திரும்பினார். மூட்டை தூக்கக் கூடாது, சாகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் முக்காலியில் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் வேலை. உடம்புக்கு ஒன்று என்றால் எந்தக் காலத்திலிருந்தும் வெளியே வரலாம் என்று மேலாளரும் விதியைத் திருத்திவிட்டார். அந்தக் கொண்டை எங்கே வந்துவிடுமோ என்று பயந்து ஒளிந்த மனிதர், இப்போது எங்கே காணோம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வரவில்லை. ஒரு நிகழ்ச்சியைக்கூட விடாதவர் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் இவரை உள்ளே கொண்டுபோகும்வரை நின்றிருந்து, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டதாக மனைவி சொல்லியிருந்தாள். உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்பது அவருக்கு நெஞ்சுவலியை விடப் பெரிய வலியாக இருந்தது. சீட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் விசாரித்தார். "அவங்க பஸ் டெப்போல டைம்கீப்பர்ங்க" என்றாள் அவள்.

புருஷனும் பெண்சாதியுமாக ஒரு மதியம் அங்கே போனார்கள். டெப்போ வாசலில் கண்ணாடி வைத்த சின்ன அறை. சுவரில் பெரிய கடிகாரம், மேசையில் மைக், ஆறிப்போன டீ. வண்டிகள் உறுமிக்கொண்டு வந்து நிற்கும்போது கண்ணாடி அதிர்ந்தது. தாமதமாக வந்த ஓட்டுநர் ஒருவரை அந்த அம்மாள் மைக்கிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார், மைக்கை அணைக்க மறந்துபோய். டெப்போ முழுக்கக் கேட்டது.

மனைவி உள்ளே போய் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் வீட்ல இன்னிக்கு விளக்கு எரியுதுன்னா உங்களாலதான்."

வருடச் சீட்டு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மைக்கை அணைத்தார்.

"நீங்க நினைக்கிற மாதிரி இல்லைங்க" என்றார். "நான் காப்பாத்த வரல. திட்டத்தான் வந்தேன். சாவு அறுவடைக்குத்தானே போட்டிருக்கு, சொல்லாம கொள்ளாம மாத்திட்டாங்களேன்னு எனக்குக் கோபம். தோளைப் பிடிச்சு உலுக்கினேனே, அது கோபத்துல உலுக்கினது. தொட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த இடத்துல எல்லாரும் என்னைப் பெருசாப் பேசினாங்க. எனக்கு அதைக் கேக்கவே கூசுச்சு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்ப அங்க வர்றது?"

மீட்டர் பார்த்த காலம் முழுவதும் ஆலைக்காரர் எத்தனையோ வாசலில் திட்டு வாங்கியிருக்கிறார். எல்லாம் போ, போ என்கிற திட்டு. எழுந்திரு என்று அவரை யாரும் திட்டியதில்லை. அதை அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"அன்னிக்கு என்னைச் சுத்தி நின்ன எல்லாருக்கும் என்மேல பிரியம்தாம்மா" என்றார் கடைசியில். "பிரியமாத்தான் கைதட்டினாங்க. என் சிநேகிதன் பிரியமாத்தான் அட்டைப்பூச்சி கேட்டான். அவங்க யாரும் கிட்ட வந்து தொடல. நீங்க திட்டத்தான் வந்தீங்க. ஆனா வந்தீங்க."

அந்த அம்மாள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒரு வண்டி நேரம் தவறி வந்து நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அறுவடைக்குக் கண்டிப்பா வாங்கக்கா" என்றாள். "வந்து நாலு வார்த்தை நல்லாத் திட்டிட்டுப் போங்க. இவரை நான் ஒருத்தியாவே எவ்வளவுதான் திட்டறது."