கண்டக்டரின் இடது கணுக்கால்

எங்கள் வீட்டில் என் படிப்பின் பெயர் இன்னும் யாருடைய வாயிலும் நுழையவில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் பெரியம்மா, "அதான், கை கால் புடிச்சு விடுவாங்களே, அந்தப் படிப்பு" என்பாள். பிசியோதெரபி நான்காம் வருஷம், உடம்பில் உள்ள தசை ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வேன் என்று பந்தியிலேயே சண்டைக்குப் போயிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைக்கனமும் உண்டு, மறைப்பதற்கில்லை.

திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து விழுப்புரம் போய் ஒரு சின்ன பிசியோதெரபி மையத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஒருவர் வாக்கரை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கோ பார்த்த முகம். பெயரைக் கூப்பிட்டதும் "வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்தாரே, அப்போதுதான் பிடிபட்டது. நான் தினமும் ஏறுகிற பிரைவேட் பஸ்ஸின் கண்டக்டர். இரண்டு மாதமாக ஆளைக் காணோம் என்று நினைத்திருந்தேன். காக்கிச் சட்டை இல்லாமல், லுங்கியில், அவர் பாதி ஆளாகத் தெரிந்தார்.

மழை நாளில் படி வழுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்திருந்தது. பிளேட் வைத்து, மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. வலிகூட அவருக்குப் பெரிய கவலையில்லை. அவர் இடத்தில் வேறொரு ஆளைப் போட்டிருந்தார்கள். முன்பு போல வண்டியில் நிற்க முடிந்தால் வரலாம், இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற வேலை தருகிறேன் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

"இருபது வருசமா ஓடுற வண்டியில நின்னுக்கினு இருந்தவன்மா நானு. இப்ப நிக்கிற வண்டிக்கு ஆள் கூப்புடணுமாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மையத்தை நடத்துகிற மேடம் அவரை என்னிடமே விட்டுவிட்டார். எனக்கென்று முழுசாகக் கிடைத்த முதல் கால் அது. விட்டுவிடுவேனா? பாதத்தை மேலே மடக்க வைத்தேன், கீழே நீட்ட வைத்தேன், கோணம் அளக்கிற கருவியை வைத்து நாள்தோறும் நோட்டில் எழுதினேன். அப்புறம் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் கம்பி போட்ட நடைபாதையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தேன். ஆறாவது வாரம் நொண்டாமல் நடந்தார். ஒற்றைக் காலிலும் நின்றார், ஒரு விரலால் கம்பியைத் தொட்டபடி. 'இலக்கு நிறைவேறியது' என்று ஃபைலில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அன்று சாயங்காலம் பெரியம்மாவுக்கு நானே போன் செய்து பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை டிரிப்பில் அவருக்குச் சோதனை ஓட்டம். நானும் திண்டிவனத்தில் அதே பஸ்ஸில் ஏறினேன். காக்கிச் சட்டை துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பஸ் ஊரைத் தாண்டி ஹைவேயில் வேகம் எடுத்ததும் அவர் வலது கை மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பிறகு இறங்கவே இல்லை. இடது கையில் டிக்கெட் கட்டு. எந்தக் கையால் கிழிப்பது? பல்லால் கடித்து இழுத்தார். டிக்கெட் பாதியில் கிழிந்தது. "ஜல்தியா குடுப்பா, ஸ்டாப்பிங்கு வருதுல்ல" என்று யாரோ கத்தினார்கள். கையை எடுத்துப் பார்த்தார். வண்டி சற்றுத் திரும்பியதும் ஒரு சீட்டின் மேல் சாய்ந்து, மறுபடி கம்பியைப் பற்றிக்கொண்டார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள், கூடவே வந்திருந்த புது ஆள் அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அவர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

நான் அவர் பக்கத்தில் போனேன்.

"உன்னாண்ட இருக்கசொல்ல நல்லாத்தாம்மா நிக்குது. பஸ்ல ஏறுனா வேற எவனோட காலோ மாதிரி ஆயிடுது" என்றார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பேன். அவமானத்தில் காது சுட்டது.

விழுப்புரம் வரும்வரை நான் அந்தப் புது ஆளின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் போகிறேன், ஒரு கண்டக்டரின் பாதத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவர் எதையும் பிடிக்கவே இல்லை. இடுப்பைச் சீட்டின் முனையில் சாய்த்து, பாதங்களை அகட்டி வைத்து, வண்டி ஆடுகிற பக்கமெல்லாம் கணுக்காலிலேயே வாங்கிக்கொண்டார். இரண்டு கைக்கும் வேறு வேலை இருந்தது. ஆறு வாரமும் நான் என்ன செய்தேன்? கையால் பிடிக்கவே கூடாத ஒரு மனுஷனுக்குக் கம்பியைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஃபைலில் போட்ட இரண்டு கோடும் ஞாபகம் வந்தது.

டிரைவர் முதலாளியிடம் பேசி இன்னும் இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்தார். அன்றே ஃபைலைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, என் தப்பை மேடத்திடம் சொன்னேன். கம்பிப் பக்கமே இனி அவர் போகக்கூடாது என்றேன்.

தடிமனான ஸ்பாஞ்ச் மெத்தைமேல் அவரை நிற்க வைத்து, என் காலேஜ் பையை அவர் தோளில் மாட்டி, பழைய பில் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். கிழித்துக் கிழித்து எனக்கு நீட்ட வேண்டும். நடுவில் நான் சொல்லாமல் கொள்ளாமல் தோளில் தள்ளுவேன். வரிசையில் காத்திருந்த நோயாளிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. பக்கவாதம் வந்து கைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "மயிலம் ஒண்ணு குடுப்பா" என்று தன் வராத கையையே நீட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கண்டக்டருக்கு முகம் சிவந்தது. "இன்னாம்மா இது பேஜாரு. என்ன வச்சு வேடிக்க காட்டிக்கினு இருக்கியா?"

"இங்க நாலு பேரு சிரிக்கிறதுக்கே கோவம் வருதுன்னா, பஸ்ல அறுபது பேரு கத்துவாங்களே, அங்க என்னண்ணா பண்ணுவீங்க?" என்று நானும் கத்தினேன். பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

மறுநாள் அவர் வந்தார். தோளில் தன்னுடைய தோல் பையை மாட்டியிருந்தார். மேஜையை இழுத்து, அதன் முனையில் இடுப்பைச் சாய்த்து மெத்தைமேல் நின்றார். "தள்ளும்மா" என்றார். தள்ளினேன். மேஜை முனை பட்டதும் அந்த இடுப்புக்குத் தன் பழைய இடம் தெரிந்துவிட்டது. பாதம் தானாகவே அகன்றது. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அடியில் உருண்டு ஆடுகிற பலகைமேல் நிற்க வைத்தேன். முன்னால் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், பேசிக்கொண்டிருக்கும்போதே தள்ளினேன். பெரியவர் தினமும் மயிலத்துக்கு டிக்கெட் வாங்கினார்.

இரண்டு வாரம் முடிந்தது. மறுபடி காலை டிரிப். ஊரில் ஏதோ முகூர்த்தம், பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. திண்டிவனம் தாண்டி அரை மணி நேரம் ஆகியும் அவர் கை மேலே போகவில்லை. எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது. விக்கிரவாண்டிக்குச் சற்று முன்னால் ஒரு பைக் குறுக்கே புகுந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். நின்றிருந்த எல்லோரும் மொத்தமாக முன்னால் சரிந்தோம். அவரையே பார்த்துக்கொண்டு எதையும் பிடிக்காமல் நின்றிருந்த நான் ஒரு அம்மாவின் மடியில் போய் விழுந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பஸ்ஸின் நடுவில் ஒரே ஒரு ஆள் அசையாமல் நின்றிருந்தார். இடுப்பு சீட் முனையில். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மற்றதில் அப்போதுதான் கிழித்த டிக்கெட், ஓரம்கூடப் பிசிறவில்லை. அந்தக் கணுக்காலை நிற்க வைத்தவள் நான்தான் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெரியம்மா மட்டும் அந்த பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றியாக ஏதாவது சொல்லப் போகிறார் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"இன்னாம்மா, கம்பியப் புடிச்சிக்கினு நிக்கத் தெரியாதா? உள்ள போ, உள்ள போ" என்று அதட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் டிக்கெட் கேட்கப் போய்விட்டார்.

நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.