தகர வாளியில் அள்ளிய மண்

அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே தோட்டக்காரர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். தோட்டம் தோட்டமாகப் போய் மண் எடுத்து லேபுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. மண்ணில் கோளாறு என்று சீட்டு வந்தால் கம்பெனிக்காரர்கள் விளைச்சலை வாங்க மாட்டார்கள். சோதிக்கிறவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, வெயிலில் நின்று திட்டு வாங்குகிறவள் இவள். பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறவள் என்று 'மண்ணள்ளி' எனப் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுப்பாள். பதினோரு வருஷம் ஏச்சு கேட்டவளுக்கு நாக்கில் தேனா சொட்டும்?

இருக்கிறவர்களிலேயே கொடுக்கு அதிகம் கீரைத்தோட்டக்காரருக்குத்தான். போன மாதம் அவள் கேட்டுக்குள் நுழைந்ததும் மனுஷன் நாயை அவிழ்த்துவிட்டார். அவள் வரப்பில் ஓடி, தடுக்கி, கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியின் மேலேயே விழுந்தாள். வாளி இரண்டாகப் பிளந்தது.

"அடடா, கட்டிப்போட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன்!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மண் எடுக்க ஒரு முறை இருக்கிறது. தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழம் தோண்டி, எல்லா மண்ணையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்க வேண்டும். அந்த வாளி பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். தகர வாளியின் பூச்சு துத்தநாகம். அது உதிர்ந்து மண்ணில் கலந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. வேறு வாளிக்கு அவள் ஆபீசுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். முழங்கால் சிராய்ப்பு எரிந்தது, மனசு அதைவிட எரிந்தது. மோட்டார் கொட்டகை ஓரத்தில் பூச்சு பொரிந்துபோன தகர வாளி ஒன்று கிடந்தது. இந்த ஆளின் மண்ணுக்கு இது போதும் என்று எடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துச் சீட்டு வந்தது. மற்றதெல்லாம் ஒழுங்கு, துத்தநாகம் மட்டும் மூன்று மடங்கு. ஆலைக் கழிவு கலந்த நிலமோ என்று கம்பெனி பயந்து, மறுசோதனையில் சரியாக வராவிட்டால் மாதக் கடைசியோடு கீரை வேண்டாம் என்று எழுதிவிட்டது. லேபில் மிச்சம் வைத்திருக்கும் அதே மண்ணைத்தான் மறுபடி சோதிப்பார்கள். அதே கணக்குத்தான் வரும். சீட்டைப் பார்த்த அன்றைக்கே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றார் வீட்டுக்காரர். "ஏற்கெனவே உனக்கு ஒரு மெமோ இருக்கு. இன்னொண்ணு வந்தா வெளி வேலையிலேருந்து தூக்கிடுவாங்க. நாயை ஏவிவிட்ட ஆளுக்காக நீ ஏன் தலையைக் கொடுக்கிறே?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளைத் தின்றது. இரண்டு நாள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். மூன்றாம் நாள் லேப் அதிகாரியின் முன்னால் போய் நின்று, தகர வாளியில் கலக்கியது தான்தான் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தெரியாமலா செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான் சார்."

வேறொரு ஆள் போய் மண் எடுத்துவந்தார். துத்தநாகம் அளவோடுதான் இருந்தது. கம்பெனி பழையபடி கீரை வாங்க ஒத்துக்கொண்டது. அவளுக்கு இரண்டாவது மெமோவும், மறுநாளிலிருந்து லேபின் பின்கட்டில் பாட்டில் கழுவும் வேலையும் கிடைத்தன. கடைசி வெளி வேலையாக, புதுச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். வேண்டுமென்றே சொன்னார்களோ என்னவோ.

கீரைத்தோட்டக்காரர் கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகவே கையை நீட்டி வாங்கிப் படித்தார். முதலில் மண் எடுத்தவரே தகர வாளியில் கலக்கியதாக எழுதிக் கொடுத்ததால் மறுபடி எடுத்தது என்று அதில் போட்டிருந்தது.

"அப்ப இத்தனை வருஷமா நீ எடுத்த மண்ணெல்லாம் எந்த வாளியிலேயோ? நாளைக்கே எல்லாத் தோட்டக்காரங்களையும் கூட்டிட்டு வந்து உங்க ஆபீசுல கேக்கறேன்."

"தாராளமா கேளுங்க."

அவர் போகவில்லை. சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ சொல்லலைன்னா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எதுக்குச் சொன்னே? என்மேல திடீர்னு பாசமா?"

"பாசமா? உங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதனாலதான் சொன்னேன். பிடிச்சவங்க தோட்டமா இருந்திருந்தா, ஏதோ அவசரத்துல நடந்துபோச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டுச் சும்மா இருந்திருப்பேன். உங்க விஷயத்துல சும்மா இருந்தா அது பழிவாங்கினதா ஆயிடும். உங்களுக்காக நான் அவ்வளவு கீழ இறங்க முடியாது."

அவர் சீட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு இன்னும் எரிந்திருக்கும்.

மறுநாள் காலை பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். முந்நூறு பாட்டில்கள், ஒரு பிரஷ், நாலு சுவர். ஏசவும் ஆள் இல்லை, திருப்பி ஏசவும் ஆள் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.