பிள்ளைகளின் இரத்தம்

சாய்ந்தமருதுக் கரையில் மசூரைப் போலக் கரைவலைக் கயிறு இழுக்க ஆளில்லை என்பார்கள். 1957இல் கச்சான் காற்று வீசிய ஒரு காலையில் அந்த மனிதன் கயிற்றைப் போட்டுவிட்டு மணலில் குந்திவிட்டான். இடுப்பில் கட்டிய கயிறு இடது விலாவுக்குக் கீழே எதிலோ முட்ட, உயிர் போகிற வலி. வீட்டில் பெண்சாதி ஸம்ஸியா தொட்டுப் பார்த்தாள். கல்லுப் போல ஒரு கட்டி.

மலேரியா வீக்கம் என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி மூலிகைக் குடிநீர் கொடுத்தார். நான்கு மாதத்தில் மசூர் ஈர்க்குப் போல மெலிந்தான். கட்டி மட்டும் தொப்புள்வரை வளர்ந்தது. மட்டக்களப்பில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்த்த டாக்குத்தர் தங்கராசா, வெள்ளைக் கலங்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டன, இது இரத்தப் புற்றுநோய் என்றார். விழுங்கக் குளிசையும் தந்தார். கட்டி வற்றும், நோய் தீராது என்பதை மறைக்கவில்லை.

குளிசை வேலை செய்தது. ஆறு மாதத்தில் மசூர் மறுபடி கரைக்குப் போனான். நிம்மதி போனது ஸம்ஸியாவுக்குத்தான். மசூரின் அக்கா றுகையா ராத்தா மீன் அரிந்துகொண்டே ஒரு சொல் சொல்லிவிட்டாள்:

"இரத்தத்தில வந்த வருத்தம், மச்சி. புள்ளையளுக்கு இறங்காம இரிக்குமா?"

மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஸுலைஹாவுக்குப் பத்து வயது. விடியச் சுபஹு தொழுததும் ஸம்ஸியா பாயில் கிடக்கிற மூவரின் விலாவையும் அமுக்கிப் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்றானபிறகே அடுப்பு மூட்டுவாள். மறுநாள் விடிய அதே பயம். ஸுலைஹாவுக்குச் சும்மா ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் தாய்க்குச் சோறு இறங்காது. மசூரிடம் வாய் திறக்கவில்லை, கேட்டால் உடைந்துபோவான்.

1959இல் மருந்துக்குப் போகும்போது, கொழும்பு பார்க்கட்டும் என்று சொல்லிப் பிள்ளைகளையும் கூட்டிப்போனாள். மசூரை இரத்தம் எடுக்க உள்ளே கூப்பிட்ட நேரம் பார்த்து டாக்குத்தர் தங்கராசாவிடம் கேட்டாள்.

"ஐயா, இவங்களுக்கும் வருமா? ஒளிக்காமச் சொல்லுங்க."

"கலத்துக்குள்ள நூல் மாதிரி நாற்பத்தாறு இருக்கு, தங்கச்சி. குரோமோசோம் எண்டு பேர். அந்தக் கணக்கே மூண்டு வருசத்துக்கு முதல்தான் சரியாப் பிடிபட்டது. புற்றுநோய்க் கலத்தில அதுகள் பிழையாப்போகுதோ எண்டு வெளிநாட்டில தேடிக்கொண்டிருக்கினம். பிழையாப்போனாலும் அது அவற்ற எலும்பு மச்சைக்குள்ள, வளர்ந்த பிறகு வந்தது. பிள்ளை உண்டாகிற வித்தில இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா ஐயா, தெரியுமா?"

டாக்குத்தர் பேனையை மேசையில் வைத்தார்.

"முழுக்கத் தெரியாது. தகப்பனுக்கு வந்து பிள்ளைக்கும் வந்ததை நான் ஒருக்காலும் கண்டதில்லை. அது மட்டும் தெரியும்."

அவரே மூன்று பிள்ளைகளின் விரலிலும் ஊசி குத்தினார். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த நேரமெல்லாம் ஸம்ஸியா ஓதினாள். ஓதியது எது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றும் நல்ல இரத்தம் என்று தாள் வந்தது.

மருந்தும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த மசூர், பிள்ளைகளின் விரலில் பஞ்சைக் கண்டான். விளங்கிக்கொண்டான்.

"எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே," என்றான். "கரைக்குப் போகமுதல் நானும் இவங்கட விலாவைத் தடவிப் பாக்கிறனான்."

இரண்டு பேரும் அந்த வாங்கிலேயே இருந்து அழுதார்கள்.

அந்த மாரியில் குளிசைக்கு நோய் கேட்கவில்லை. மசூர் மௌத்தாகிக் கண்ணை மூடினான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த வாரம் ஸம்ஸியா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினாள். வாசலில் ஸுலைஹா இருமினாள். விலாவைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிட வாய் எடுத்த தாய், கூப்பிடாமல் அவளைப் போக விட்டாள்.