குமிழ் என்று சுரண்டியது

பிளாஸ்டர் அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சின்னக் கத்தியால் சுரண்டுவார் பல்செட்டுக்காரர். வாயில் அளவெடுக்கும்போது காற்றுக்குமிழ் சிக்கினால், அச்சில் அது மிளகுபோலப் புடைத்து நிற்கும். நகத்தால் தடவுவார், சுரண்டுவார், ஊதுவார். முப்பது வருஷமாக மூக்கு நுனி வெள்ளை.

முகத்தை வைத்து அவருக்கு யாரையும் அடையாளம் தெரியாது. எதிரில் வருபவர் கொட்டாவி விட்டால்தான், "அட, நீங்களா" என்பார். ஒரு கூட்டத்தில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் தும்மியும் அவர் செய்த செட்டு ஒன்றுகூடக் கழன்று விழவில்லையாம். நான் சொல்லும்போது எழுபது பேர் என்பேன்.

போன வருஷம் தன் அக்காவுக்கும் மேல் செட்டு செய்து கொடுத்தார். அக்கா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மாட்டிய அன்றே, பின்பக்கம் ஓரிடத்தில் ஆடுகிறது என்றார்.

"உன் வாய் சும்மா இருந்தாத்தானே அது நிக்கும்" என்று கேலி செய்தபடி, உட்புறத்தை அந்த இடத்தில் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். ஆட்டம் நின்றது. இருவரும் மறந்தார்கள்.

போன மாதம் மறுபடி ஆடியது. புதிதாக அச்செடுத்தார். அண்ணத்தில், எலும்பு முடிந்து சதை தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டுக்கு ஒருபக்கமாக, பட்டாணி அளவில் வழவழவென்று ஒரு மேடு. கத்தியை எடுத்த கை நின்றுவிட்டது. காற்றுக்குமிழ் ஒரே வாயில், ஒரே இடத்தில் இரண்டு தடவை வராது.

டார்ச் அடித்துப் பார்த்தார். புண் இல்லை, நிறம் மாறவில்லை, அழுத்தினால் கெட்டி. வலிக்கவே இல்லை என்றார் அக்கா. அதைக் கேட்டதும் அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார். செட்டு உரசி வந்ததென்றால் வலித்திருக்கும்.

அண்ணம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத எச்சில் சுரப்பிகள் உண்டு, அதில் ஒன்றில் வந்த கட்டி என்றார் டாக்டர். இப்படி வருவதில் பாதி சாது, பாதி பொல்லாதது. வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, ஒரு மாதம் என்றார் அக்கா. தம்பி அதைத் திருத்தவில்லை. துளி சதை சோதனைக்குப் போனது.

அந்த ஒரு வாரம் அவர் எந்தக் குமிழையும் சுரண்டவில்லை. அச்சில் புள்ளி தெரிந்தால் அந்த அச்சுக்குரியவர் வீட்டுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் வாய்க்குள்ள விரல விட்டுத் தடவிப் பாருங்களேன்" என்று கெஞ்சினார். பாதிப் பேர் திட்டிவிட்டு வைத்தார்கள்.

எட்டாம் நாள், எடுத்த துளி போதவில்லை, கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் இவ்வளவு வளர்ந்ததென்றால் ஒரு விதம், மெதுவாக வளர்ந்ததென்றால் வேறு விதம். இரண்டிலும் நிம்மதிக்கு உத்தரவாதமில்லை. எத்தனை நாளாக இருக்கிறது என்று நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"ஒரு மாசந்தான்" என்றார் அக்கா.

"இல்லக்கா. ஒண்ணேகால் வருஷம். மொத அச்சுலயே இருந்துச்சு. குமிழ்னு நெனச்சு நாந்தான் சுரண்டிட்டேன்."

அப்போது எவ்வளவு இருந்தது என்று டாக்டர் கேட்டார். தம்பி சுண்டுவிரலை நீட்டி, பாதி நகத்தைத் தொட்டுக் காட்டினார். விரல் ஆடிக்கொண்டே இருந்தது. அக்கா அதை எட்டிப் பிடித்து, ஆடாமல் டாக்டருக்கு நேராக நிறுத்தினார்.

"அளந்து எழுதிக்குங்க, டாக்டர்."