டென்மார்க்காரர் எவ்வளவு நேரம் குளிப்பார்?

இன்று பல்லடம் ரோட்டுக் கடைக்கு வாட்டர் ஹீட்டர் வாங்கப் போனேன். வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

புது வீட்டின் கெஸ்ட் பாத்ரூமுக்குத்தான். பாத்டப், மழை மாதிரிக் கொட்டும் ஷவர், கறுப்பு மார்பிள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தரும் டென்மார்க்காரர் அடுத்த வாரம் வருகிறார். "ஓட்டல் எதுக்கு, நம்மூட்லயே தங்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார்.

"எத்தன லிட்டருங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

"நீங்களே சொல்லுங்க."

"பக்கெட்ல ஊத்திக்கிட்டாருன்னா இருபத்தஞ்சு போதுமுங்க. டப்புல படுத்துட்டாருன்னா நூறே பத்தாதுங்க. ஏனுங்க, அவரு எவ்வளவு நேரம் குளிப்பாருங்க?"



காலர் அரை சென்டிமீட்டர் கூடினாலும் சாம்பிளைத் திருப்பி அனுப்புகிற மனிதர். எந்த நீலம் அவருக்குப் பிடிக்காது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குளியல் பற்றி ஒன்றும் தெரியாது. தலையில் சோப்போடு நிற்கும்போது தண்ணீர் சில்லிட்டுவிட்டால்?

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"நீதான அவருக்குத் தெனமும் மெயில் போடுற? கேட்டுரு" என்று வைத்துவிட்டார்.

நாளை காலை மேஸ்திரி மார்பிளை ஒட்டிச் சுவரை மூடிவிடுவார். அதற்குப்பிறகு பெரிய ஹீட்டர் மாட்ட வேண்டுமென்றால் மார்பிளை உடைக்க வேண்டும்.

மெயில் அடித்து வைத்துவிட்டேன். சப்ஜெக்ட்டில்தான் சிக்கல். "தங்கள் குளியல்: அப்ரூவலுக்காக" என்று போட்டால் ஆர்டர் மிஞ்சுமா? சீக்கிரம் சொல்லுங்கள், விரல் செண்ட் பட்டன்மேலேயே இருக்கிறது.