வசந்தாமணி ஏறும் உயரம்

நாமக்கல் பரமத்தி ரோட்டில் சின்னண்ணன் பட்டறையைத் தெரியாத லாரிக்காரர் கிடையாது. மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்த்தவர், பதினெட்டு வயதில் இங்கே வந்து, வண்டிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை வேலை பழகினார். பாரம் தாங்காமல் பின்பக்கம் உட்கார்ந்துபோன லாரிக்கு இன்னொரு பட்டை சேர்ப்பார்; வண்டி நிமிர்ந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக வண்டிகளைத் தூக்கிவிட்டே பிழைத்தவரிடம், வண்டியை இறக்கித் தரச் சொல்லி வந்த முதல் ஆள் ஜேடர்பாளையம் மயில்சாமிதான். அது 1979, தை மாதம்.

மயில்சாமி கரும்பு விவசாயி. மெட்ராஸ் ஏலத்தில் எடுத்த சிவப்பு அமெரிக்கக் கார் அவருடையது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். அது உறுமினால் வாய்க்கால் கொக்கெல்லாம் பறந்துவிடும். தோட்டத்துத் தடத்தில் அடிவயிறு உரசுகிறதென்று எங்கேயோ கொடுத்து, பின்னால் லாரிப் பட்டையும் முன் ஸ்பிரிங்குக்கு மேல் இரும்பு வளையமும் வைத்து உயர்த்தியிருந்தார்.

அன்று பட்டறை முன்னால் காரை நிறுத்தி, மறுபக்கம் போய், மனைவி வசந்தாமணியை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் அந்த அம்மாளுக்கு இடது கால் இழுத்துக்கொண்டது.

"எறக்கி உடுங்க. ஆளுக பாக்கறாங்க," என்றார் வசந்தாமணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வண்டியக் கொஞ்சம் தாழ்த்தணும்ப்பா," என்றார் மயில்சாமி.

"எவ்வளவுங்க?"

மயில்சாமி இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே கையை ஏற்றி இறக்கிக் காட்டினார். சின்னண்ணன் வசந்தாமணியைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. அளவு உங்களுக்குத்தானுங்களே."

உடைந்த பட்டைகளைக் கார் சீட்டின் உயரத்துக்கு அடுக்கி, மேலே சாக்கை விரித்தார். வசந்தாமணியால் அதில் ஏறி உட்காரவே முடியவில்லை. சின்னண்ணன் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நன்றாகத் தணிந்ததும் அந்த அம்மாள் சுலபமாக உட்கார்ந்தார். ஆனால் எழ முடியவில்லை. மயில்சாமி கை நீட்டினார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் வசந்தாமணி.

சின்னண்ணன் ஒரு பட்டையைத் திரும்ப வைத்தார். வசந்தாமணி வலது காலை ஊன்றி, தூணைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். நின்றார். பிறகு தானாகவே மறுபடி உட்கார்ந்து, இன்னொரு தடவை எழுந்தார்.

"இதுதாங்க," என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னண்ணன் குனிந்து டேப்பைப் பிடித்தார். அவருக்கும் எண் சட்டென்று கண்ணுக்குத் தெரியவில்லை.

வேலை மூன்று நாள் பிடித்தது. லாரிப் பட்டைகளைக் கழற்றினார், வளையங்களை எடுத்தார். அப்படியும் இன்னும் இரண்டு விரற்கடை தணிய வேண்டியிருந்தது. பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, வளைவு தணியும்படி பதமாகச் சம்மட்டியால் தட்டி, திரும்பக் கட்டினார். டயர் மேலே உரசாமல் இருக்கிறதா என்று ஆட்களைப் பின்சீட்டில் ஏற்றி ஓட்டியும் பார்த்தார்.

காரை எடுக்க வந்த மயில்சாமியிடம், "ஏனுங்கய்யா, இனி உங்க தோட்டத்துத் தடத்துல போனா அடி வாங்குமுங்க," என்றார்.

"தடத்த மூணு நாளா வெட்டிச் சமன் பண்ணிட்டிருக்கறேன் சின்னண்ணா. கல்லுப் பொறுக்கியே கையெல்லாம் காச்சுப்போச்சு," என்று சிரித்தார் மயில்சாமி.

வசந்தாமணி காரின் மேல்விளிம்பைப் பிடித்து, முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் உட்கார்ந்தார். இடது காலைக் கையாலேயே எடுத்து உள்ளே வைத்தார். கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். மயில்சாமி வெளியில் நின்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாரனுங்க தம்பி," என்றார் வசந்தாமணி ஜன்னல் வழியாக.

அதற்கப்புறம் நாமக்கல் சந்தைக்கு வரும்போதெல்லாம் பட்டறையில் கார் நின்றுபோகும். சின்னண்ணன் மகள் கல்யாணத்துக்கும் அந்த அம்மாள் வந்தார். காரிலிருந்து தானே இறங்கி, மண்டபத்து வாசலில் நின்றிருந்த பெண்களிடம் பேசிக்கொண்டே, தடியூன்றி மெதுவாக உள்ளே நடந்தார்.